அணிந்தால்தான் மருந்து

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலருகே சிரைக்குள் நிலவும் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து கணுக்கால்வரை இடையறாது நிற்கும் குருதியின் எடையே அந்த அழுத்தம். நெடியவர்க்குச் சற்றுக் கூடும். குறியவர்க்குச் சற்றுக் குறையும். படுத்துக்கொண்டால் பத்து, பதினைந்துக்கு இறங்கிவிடும். படுக்காமலே அதை இறக்கும் வழியும் உடம்பில் உண்டு, அது நடை. சில எட்டுகள் வைப்பதற்குள் 90 என்னும் அளவு 30-க்கும் கீழே வந்துவிடுகிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கித் தன்னூடே செல்லும் ஆழ்சிரைகளைப் பிழிகிறது. பிழியப்பட்ட குருதி மேல்நோக்கிப் பாய்கிறது. தசை தளரும் நொடியில், தோலுக்கடியில் ஓடும் மேற்சிரைகளின் குருதி உள்ளே புகுந்து காலியான ஆழ்சிரைகளை நிரப்புகிறது. காலின் இந்தப் பணி தளர்ந்தால், இதயம் தான் அனுப்பிய குருதியை முழுமையாக மீட்டுக்கொள்வது அரிது.

மேலே உந்தப்பட்ட குருதி மீண்டும் கீழே சரியாமல் காப்பவை, சிரைகளின் உட்சுவரில் இணையிணையாக அமைந்த மெல்லிய இதழ்கள். வால்வு என்று நாம் வழங்கும் அடைப்பிதழ்கள் இவையே. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபப்ரீசியஸ், இவற்றுக்கென்றே 1603-இல் ஒரு நூல் வெளியிட்டார். கீழ்நோக்கிப் பாயும் குருதி கைகால்களில் மிகையாகத் தேங்காதபடி அதன் விரைவைக் குறைப்பதே இவற்றின் பணி என்று அவர் கருதினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி திசையையே மாற்றிப் படித்தார். முழங்கைக்கு மேலே கட்டுப்போட்டு முன்கைச் சிரைகளைப் புடைக்கச் செய்து, விரலால் குருதியைக் கீழ்நோக்கித் தள்ளிப் பார்த்தார். அது அடைப்பிதழைத் தாண்டிச் செல்லவில்லை. இதயத்தை நோக்கி மட்டுமே சிரைகள் வழிவிடும் என்னும் இவ்வுண்மை, 1628-இல் வெளிவந்த அவருடைய குருதிச் சுற்றோட்ட நூலுக்கு உறுதியான சான்றுகளுள் ஒன்றாயிற்று.

இவ்விதழ்கள் பழுதுபடுவதே சுருள்சிரை நோயின் வேர். சிரையின் சுவர் தளர்ந்து விரிகிறது. விரிந்த குழாயில் இதழ்களின் விளிம்புகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாத இடைவெளி வழியே குருதி கீழே வழிகிறது. அதன்பின் கெண்டைக்கால் தசை எவ்வளவு உழைத்தாலும் ஓட்டைச் சாலில் நீர் இறைத்த கதைதான். நடக்கும்போது 30-க்குக் கீழே இறங்கவேண்டிய அழுத்தம் 60, 70 என்றே நிற்கிறது. தொடையின் உட்புறமும் கெண்டைக்காலின் பின்புறமும் சிரைகள் முறுக்கேறிப் புடைக்கின்றன. 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று நம் மக்கள் சொல்வது இந்தப் புடைப்பைத்தான். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. பேறுகாலம், முதுமை, உடற்பருமன், நெடுநேரம் நின்றே செய்யும் தொழில் ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன.

புடைப்பு கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தோலில் நிகழ்வதே பெருந்தீங்கு. இறங்காத அழுத்தம் நுண்குழாய்களைத் தாக்குகிறது. மாலையானால் கால் வீங்குகிறது, கனக்கிறது, இரவில் குரக்குவலி எழுப்பிவிடுகிறது. நுண்குழாய்ச் சுவரைக் கடந்து கசியும் சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு தோலில் படிவதால், உள்கணுவுக்குச் சற்று மேலே காப்பிநிறக் கறை தோன்றுகிறது. அதைத் தேமல் என்றும் அழுக்கு என்றும் எண்ணித் தேய்த்துக் கழுவுவோர் பலர். பின் அரிப்பும் கரப்பானும் வருகின்றன. தோல் பலகைபோல் இறுகுகிறது. இறுதியில் ஒரு கொசுக்கடியைச் சொறிந்த இடம், ஒரு கட்டில்கால் இடித்த இடம் புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கிறது. பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று 1994-இல் இந்நோயை 0 முதல் 6 வரை ஏழு படிகளாகப் பகுத்தது. அதில் சுருள்சிரை 2-ஆம் படி, வீக்கம் 3, தோல் மாற்றம் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. ஆறிய புண்ணுக்கும் தனிப் படி கொடுத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆறியது மீண்டும் வெடிக்கும் என்பதை மருத்துவ உலகம் அறிந்தே அந்த எண்ணை வைத்திருக்கிறது.

இந்த அழுத்தத்தை வெளியிலிருந்து எதிர்கொள்ளும் எண்ணம் பழமையானது. இரண்டாம் சார்லஸ் மன்னரின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வைஸ்மன், 17-ஆம் நூற்றாண்டிலேயே கயிறு கோத்து இறுக்கும் தோற்காலுறையைக் கால்புண்ணுக்குப் பயன்படுத்தினார். கந்தகம் சேர்த்து ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்ததும் மீள்தன்மையுள்ள இழையும் காலுறையும் பிறந்தன. இன்றைய வடிவத்தைத் தந்தவராகப் போற்றப்படுபவர் மருத்துவர் அல்லர், பொறியாளர். செருமனியில் பிறந்து அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராட் யோப்ஸ்ட், தாமே சிரைநோயால் வருந்தியவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால்வலி தணிவதை உணர்ந்தார். நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே கணுக்காலில் மிகுதியாகவும் முழங்காலில் குறைவாகவும் அழுத்துகிறது. நிற்பவரின் சிரைக்குள்ளும் அழுத்தம் அவ்வாறே ஏறியிறங்குகிறது. குளத்தின் வேலையைத் துணியால் செய்ய முடியுமா என்று அவர் ஆராய்ந்ததன் விளைவே, 1950-களில் உருவான படிநிலை அழுத்தக் காலுறை. நோயுற்றவர் ஒருவர் தம் உடம்பு சொன்னதைக் கூர்ந்து கேட்டதால் பிறந்த கருவி இது. அணிவோரின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் கடமை இதன் பிறப்பிலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

துணி எவ்வாறு அழுத்துகிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லாப்லாசின் பெயரால் வழங்கும் விதி விளக்குகிறது. இழுவிசை ஒன்றாக இருந்தால், வளைவின் ஆரம் குறையக் குறைய அழுத்தம் கூடும். ஒரே இழுப்பில் கட்டினாலும் பருத்த கெண்டைக்காலைவிட மெலிந்த கணுக்கால் மிகுதியாக அழுத்தப்படும். கணுவெலும்பின் முனைப்பில் அழுத்தம் எகிறும். அதன் பின்னுள்ள குழிவில் அழுத்தமே விழாமல் போகும். ஆகவேதான் அளவெடுக்காத காலுறை மருந்தாகாது. செருப்பு எண் கேட்டுக் காலுறை தரும் கடைக்காரர் மருந்துச்சீட்டைப் படிக்காமலே மாத்திரை எடுத்துத் தருகிறார் என்றே கொள்ளவேண்டும். கணுக்காலின் மெலிந்த சுற்றளவு, கெண்டைக்காலின் பருத்த சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம் ஆகிய மூன்றையும் காலை வேளையில், வீக்கம் ஏறுமுன் அளக்கவேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட வகுப்பெண்ணை நம்புவதிலும் இடர் உண்டு. செருமானிய முறையில் இரண்டாம் வகுப்பு என்பது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். பிரித்தானிய முறையில் அதே இரண்டாம் வகுப்பு 18 முதல் 24 வரைதான். வகுப்பைக் கேட்பதை விட்டு மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே முறை.

காலுறை செய்வதையும் செய்யாததையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழுதுற்ற இதழ்களை அது செப்பனிடாது. புடைத்த சிரையை மறைக்குமே தவிர நீக்காது. புண்ணில்லாத வெறும் சுருள்சிரைக்குக் காலுறையே போதுமான முதல் மருத்துவம் என்பதற்கு வலுவான சான்று இன்னும் திரளவில்லை. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், 2013-இல் இதைத் தெளிவாகவே உரைத்தது: வெப்பத்தால் சிரையை மூடுதல் போன்ற தலையீடுகளுக்கு ஏற்றவர்க்கு அவற்றையே முதலில் தரவேண்டும்; ஏலாதவர்க்கே காலுறை. ஆனால் புண் வந்தவர்களின் நிலை வேறு. புண்ணை ஆற்றுவதற்கும், ஆறிய புண் மீளாமல் காப்பதற்கும் அழுத்தமே அடித்தளம். அறுவைக்கு உடல்நிலை இடந்தராத முதியோர், கருவுற்ற மகளிர், ஆழ்சிரையே பழுதுபட்டோர் ஆகியோர்க்கும் வேறு நல்வழி மிகக் குறைவு. இவர்களுக்குக் காலுறை ஆண்டுக்கணக்கில், பலருக்கு வாழ்நாள் முழுவதும் தேவை. நான் கவலையோடு எழுத வந்தது இவர்களைப் பற்றியே. ஏனெனில் எழுதிக் கொடுக்கப்பட்ட காலுறைகளுள் பெரும்பாலானவை காலில் இல்லை, அலமாரியில் இருக்கின்றன.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சிரைநோய் அறுவை வல்லுநர் சேசாத்திரி ராஜுவும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. நாட்பட்ட சிரைநோயுடன் தங்களிடம் வந்த 3,144 பேரைக் கேட்டார்கள். நாள்தோறும் காலுறை அணிந்தவர் 21 விழுக்காட்டினர். 63 விழுக்காட்டினர் அணியவே இல்லை, அல்லது தொடங்கிப் பின் கைவிட்டிருந்தனர். அணியாதவர்கள் சொன்ன காரணங்களையும் அவ்வாய்வு வரிசைப்படுத்தியது. மருத்துவர் தமக்கு அதைப் பரிந்துரைக்கவே இல்லை என்றவர்கள் 25 விழுக்காடு. பயனில்லை என்றவர்கள் 14. இறுக்குகிறது, குருதியோட்டத்தையே தடுப்பதுபோல் இருக்கிறது என்றவர்கள் 13. வெக்கை தாங்கவில்லை என்றவர்கள் 8. அணியும் முறை வராதவர், அரிப்பு எடுத்தவர், தோற்றம் பிடிக்காதவர் என்று ஏனையோர் சிறுசிறு பங்கினர். எல்லாரிலும் பெரிய பிரிவினர், 30 விழுக்காட்டினர், எந்தக் காரணமும் சொல்ல இயலாதவர்கள்.

இந்த 30 விழுக்காட்டினரே என்னை நெடுநேரம் சிந்திக்க வைக்கின்றனர். இவர்களைச் சோம்பர் என்று தள்ளிவிடுவது எளிது, அது பிழை. அணிவதற்கான காரணம் ஒருவர் நெஞ்சில் ஊன்றப்படவில்லை என்றால், விட்டுவிடுவதற்கும் அவருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. மருத்துவரின் மேசையில் இரண்டு நிமிடம். சீட்டில் ஒரு வரி. கடையில் ஒரு பெட்டி. கணுக்காலில் 90 என்ற எண்ணையோ, நடந்தும் இறங்காத அழுத்தத்தையோ, கறை எப்படிப் புண்ணாகிறது என்பதையோ எவரும் அவருக்குச் சொல்லவில்லை. காலுறையின் துன்பம் அணிந்த அன்றே தெரிகிறது. அதன் நன்மையோ, வராத புண்ணாக, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. குருதிக்கொதிப்பு மாத்திரைக்கும் இதே இடர்தான். நாட்பட்ட நோய்களில் நெடுங்கால மருத்துவத்தை முறையாகக் கடைப்பிடிப்போர், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் அறிவித்தது. விழுங்கிவிட்டு மறந்துபோகும் மாத்திரைக்கே அந்த நிலை. நாள் முழுதும் தோலைப் பற்றிக்கொண்டு தன்னை உணர்த்திக்கொண்டே இருக்கும் ஒரு பொருளுக்கு அதனினும் குறைந்த கடைப்பிடிப்பு இருப்பதில் வியப்பென்ன?

கடைப்பிடித்தால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அளவைகள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 15 ஆண்டுக் காலத்தில் மருத்துவம் பெற்ற 113 சிரைப்புண் நோயர்களைப் பற்றிய ஆய்வு 1991-இல் வெளிவந்தது. காலுறையை ஒழுங்காக அணிந்தவர்களுள் 97 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. அணியாதவர்களுள் 55 விழுக்காட்டினருக்கே ஆறியது. ஆறியபின்னும் அணிந்து வந்தவர்களுள் ஐந்தாண்டில் புண் மீண்டது 29 விழுக்காட்டினருக்கு. கைவிட்டவர்களுக்கோ மூன்றாண்டு முடிவதற்குள் அனைவருக்குமே மீண்டது. இவ்வாய்வை அப்படியே வேதமாகக் கொள்ளவும் கூடாது. கடைப்பிடிப்போரும் கைவிடுவோரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். ஒழுங்காக அணிபவர் உணவிலும் ஓய்விலும் தூய்மையிலும் கவனமுள்ளவராக இருந்திருக்கலாம். ஆயினும் வேறுபாடு இத்தனை பெரிதாக இருக்கையில், அதைப் புறந்தள்ளவும் மனம் இடந்தராது.

இன்னோர் ஆய்வு நுட்பமானது. பிரித்தானியாவில் புண் ஆறிய 300 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இரண்டாம் வகுப்புக் காலுறையும் மற்றதற்கு அதனினும் இறுக்கமான மூன்றாம் வகுப்பும் கொடுத்தனர். 2006-இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டில் இரண்டாம் வகுப்பினருள் 39 விழுக்காட்டினருக்கும் மூன்றாம் வகுப்பினருள் 32 விழுக்காட்டினருக்கும் புண் மீண்டது. ஆனால் மூன்றாம் வகுப்பைத் தாங்க இயலாமல் விட்டவர்கள் 42 விழுக்காடு. இரண்டாம் வகுப்பை விட்டவர்கள் 28 விழுக்காடு. மிகுந்த அழுத்தம் மிகுந்த நன்மை தரக்கூடும். அதைத் தாங்குபவரோ குறைவு. கொடுக்கவேண்டிய அளவு எது? நோயர் தாங்கக்கூடிய அளவுகளுள் மிகுதியானது எதுவோ அது. கையேட்டில் உள்ள எண்ணை நோயரின் காலில் திணிக்கும் மருத்துவர், மருத்துவத்தின் ஒரு பாதியை மட்டுமே செய்கிறார்.

இந்தக் கருவி குளிர்நாட்டில் உருவானது; மூடிய காலணியும் கால்சட்டையும் அணிந்து, வியர்வை அரிதாகவே கசியும் வாழ்க்கைக்காக நெய்யப்பட்டது. அதைச் சென்னையின் சித்திரை வெயிலுக்கு அப்படியே கொண்டுவந்துவிட்டோம். கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் வியர்வை உலராது, காலுறைக்குள் தோல் ஊறுகிறது, அரிப்பு தொடங்குகிறது. நாம் வீட்டுக்குள் செருப்பணிவதில்லை. கோயிலிலும் பல கடைகளிலும் வெறுங்காலோடு நுழைகிறோம். வெளியே போய்வந்தால் கால் கழுவிய பிறகே உள்ளே வருவது பல வீடுகளின் வழக்கம். ஐவேளை தொழுவோர் தொழுகைக்குமுன் கால் கழுவுகின்றனர். சமையற்கட்டின் ஈரத்தரையில் காலுறையோடு நின்றால் பாதம் நனைந்து நாள் முழுதும் குளிர்ந்து கிடக்கும். வயற்சேற்றில் இறங்கி நடவு நடும் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசவே வாய் எழாது. தோலின் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் கைப்பழக்கம். எண்ணெயோ ரப்பர் கலந்த மீள் இழைகளைத் தின்றுவிடுகிறது. விலையும் தடைதான். ஓர் இணை பல நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம்வரை. நாட்கூலி பெறுபவர் அதை ஒருமுறை வாங்குவதே பெரிது. ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதன் மீள்தன்மை தளர்ந்து, மறுபடி வாங்கவேண்டும் என்பதை அவரிடம் எவரும் சொல்லியிருப்பதில்லை. தளர்ந்த காலுறையை நம்பிக்கையோடு அணிந்துகொண்டு, பயனில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தால் குறை அவருடையதன்று.

அணியும் செயலை அருகிலிருந்து பார்த்தால் இன்னும் பல விளங்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், வீக்கம் ஏறாத காலில் அணியவேண்டும். குளித்துவிட்டு அணிய விரும்புபவர் குளித்தபின் கால்மணி நேரமேனும் காலை உயர்த்திப் படுத்திருந்து, ஈரம் நன்றாக உலர்ந்தபின் அணிவது நலம். ஈரத்தோலில் இழை ஏறாது. காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பற்றி, அதுவரை உட்புறம் வெளியாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். பாதத்தை நுழைத்துக் குதிகால் தன் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கவேண்டும். அது விரல்கடை நகர்ந்து நின்றாலும் அழுத்தப் படிகள் அனைத்தும் இடம் மாறிவிடும். பிறகு, விளிம்பைப் பிடித்து மேலே இழுப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அப்படி இழுத்தால் இழை மேலே நீண்டு, அழுத்தம் முழங்காலருகே குவிகிறது. பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளங்கையால் சிறிது சிறிதாக மேல்நோக்கித் தேய்த்துவிட்டால் இழை சீராகப் பரவும். சுருக்கம் எங்கும் தங்கக்கூடாது. மேல்விளிம்பு நீளமாக இருக்கிறதென்று மடித்துவிடவே கூடாது. மடித்த இடத்தில் இரட்டை அழுத்தம் விழுந்து, அது கயிறு கட்டியதற்கு ஒப்பாகும். இறுக்குகிறது என்று சொல்லும் நோயரின் காலைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த மடிப்போ ஒரு சுருக்கமோ கண்ணில் படும்.

நம் பெண்களின் காலுக்கு இன்னும் சில குறிப்புகள் தேவை. எந்த அயல்நாட்டுக் கையேட்டிலும் அவை இரா. மெட்டியில் நூல் மாட்டிக் காலுறை கிழிகிறது. மெட்டியைக் கழற்ற மனமில்லாதவரிடம் வழக்காட வேண்டியதில்லை. விரல்பகுதி திறந்த காலுறையாகத் தேர்ந்து, அணியும்போது பாதத்தின்மேல் வழுவழுப்பான ஞெகிழிப்பை ஒன்றைப் போர்த்திக்கொண்டால் மெட்டிமேல் நூல் படாமல் வழுக்கி ஏறும். ஏறியபின் பையை விரல்வழியே உருவிக்கொள்ளலாம். கொலுசு காலுறைக்கு அடியில் இருந்தால் தோலில் பதிந்து புண்ணாக்கும், மேலே அணிந்துகொள்ளலாம். குதிகால் வெடிப்பு இழையைப் பற்றிக் கிழிக்கும். இரவில் காலுறையைக் கழற்றியபின் களிம்பு தடவி, காலையில் துடைத்துவிடலாம். இரவில் கழற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாத செய்தி: படுக்கையில் சிரையழுத்தம் தானே இறங்கிவிடுவதால் அப்போது காலுறை பெரும்பாலோர்க்குத் தேவையில்லை. துவைக்க மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியக்கூடாது, மொட்டைமாடி வெயிலில் காயவிடாமல் நிழலில் உலர்த்தவேண்டும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டிக்கு, வலுவான ஒன்றுக்கு மாற்றாக மென்மையான இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிக்கலாம்; அழுத்தம் ஏறக்குறையக் கூடிவரும். வெல்க்ரோ பட்டையால் இறுக்கும் உறைகளும் உள்ளன; அவற்றைத் தாமே அணியவும் தளர்த்தவும் அவரால் முடியும்.

அணியச் சொல்வதற்குமுன் அணியலாமா என்று பார்க்கவேண்டியவர் மருத்துவர். காலின் தமனிகளில் அடைப்பு இருந்தால் வெளியழுத்தம் தீங்கு செய்யும். விரல்கள் கருகும் அளவுக்கும் போகலாம். ஆகவே கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்கவேண்டும். அவ்விகிதம் 0.8-க்குக் குறைந்தால் வழக்கமான அழுத்தம் கூடாது; 0.5-க்குக் குறைந்தால் காலுறையே கூடாது. தமனி மருத்துவரிடம் அனுப்பவேண்டும். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் தமனிச்சுவர் சுண்ணம் ஏறி இறுகியிருப்பதால் இவ்விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். உணர்ச்சி மழுங்கிய பாதம் இறுக்கத்தையும் உணராது. இத்தகையோர்க்குத் தனிக்கவனம் இன்றியமையாதது. காலுறை அணிந்த கால் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, புதிதாக வலித்தாலோ உடனே கழற்றிவிட்டு வரச்சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் அஞ்சி விட்டுவிடுவார்கள் என்று சிலர் மறைக்கின்றனர். எப்போது கழற்றவேண்டும் என்று அறிந்தவரே மற்ற நேரத்தில் அச்சமின்றி அணிவார்.

மருத்துவர் சொல்லும் சொல்லுக்கு உள்ள ஆற்றலைப் பிரெஞ்சு ஆய்வொன்று கருவி வைத்தே அளந்தது. அணிந்தேன் என்று நோயர் சொல்வதை மட்டும் நம்பாமல், காலுறையில் ஒரு சிறிய வெப்பவுணரியைப் பொருத்தினார்கள். தோலைத் தொட்டிருக்கும்போது வெப்பம் ஏறும், கழற்றினால் இறங்கும், அணிந்த மணிகள் அப்படியே பதிவாகும். 40 பெண்களுள் ஒரு பாதியினருக்குக் காலுறையோடு சுருக்கமான அறிவுரை மட்டும் கொடுக்கப்பட்டது. மறுபாதியினருக்கு மருத்துவர் விரிவாக விளக்கினார். வாரம் ஒருமுறை கைப்பேசியில் நினைவூட்டும் குறுஞ்செய்தியும் சென்றது. 2018-இல் வெளியான முடிவில், முதற்குழுவினர் நாளொன்றுக்குச் சராசரியாக 5.6 மணி நேரம் அணிந்தனர். விளக்கம் பெற்றவர்கள் 8 மணி நேரம். வாரத்தில் அணிந்த நாள்களும் 3.4-லிருந்து 4.8-ஆக உயர்ந்தன. சிறிய ஆய்வு, நான்கு வாரமே நீண்டது. எனினும் புதிய இழையோ புதிய மருந்தோ இன்றி, சில நிமிடப் பேச்சும் ஒரு குறுஞ்செய்தியும் இத்தனை செய்தன என்பது சிறிய செய்தியன்று. புறநோயர் பகுதியில் கூட்டம் அலைமோதும் நம் அரசு மருத்துவமனைகளில் மருத்துவருக்கு நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் அளவெடுக்கவும், ஒருமுறை அணிவித்துக் காட்டவும், நோயரையே அணியச் செய்து பார்க்கவும் ஒரு செவிலியரோ இயன்முறை மருத்துவரோ போதும். இரண்டு வாரம் கழித்து வரும்போது காலுறையோடு வரச்சொல்லி, அணிந்த காலையே பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். கேட்கும் கேள்வியும் முறையாக இருக்கவேண்டும். 'ஏம்மா போடலை?' என்று கேட்டால் பொய்தான் விடையாக வரும். 'எந்த நேரத்துல போட முடியலம்மா?' என்று கேட்டால் வெக்கை, ஈரம், வேலை, விலை எல்லாம் வெளியே வரும். நாள் முழுதும் இயலாதவர், நின்று வேலை செய்யும் மணிகளிலாவது அணிய ஒப்புக்கொண்டால் அது தொடக்கம். ஆறு மணி நேரம் அணிந்த மென்மையான காலுறை, அலமாரியில் கிடக்கும் வலுவான காலுறையைவிட மேல்.

நிற்கும் தொழிலைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. காலையில் கடை திறந்தது முதல் இரவு மூடும்வரை துணிக்கடைப் பெண்கள் நின்றே தீரவேண்டும் என்ற நிலை தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. கேரளம் 2018-இல் வழிகாட்டியபின், 2021-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. இதை நான் ஒரு மருத்துவச் சட்டமாகவே மதிக்கிறேன். நாற்காலி கடையின் மூலையில் கிடந்தால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் இல்லாத பொழுதில் அதில் உட்கார மேலாளர் முகம் சுளிக்காமல் இருக்கவேண்டும். காலுறையை எழுதித் தரும் மருத்துவர், நோயர் என்ன வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார், அங்கே இருக்கை உண்டா என்று கேட்பதும் மருத்துவத்தின் பகுதியே. இடையிடையே நாற்பது, ஐம்பது எட்டு நடப்பதும், நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும் கெண்டைக்கால் தசையை வேலை செய்ய வைக்கும். காலுறையும் அந்தத் தசை சுருங்கும்போதுதான் முழுப்பயன் தருகிறது.

அறுவையும் லேசரும் வந்தபின் காலுறை எதற்கு என்று கேட்போர் உண்டு. பிரித்தானியாவில் 500 பேரைக்கொண்டு நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், அழுத்தக்கட்டு மட்டும் பெற்றோருக்கும் கட்டோடு மேற்சிரை அறுவையும் பெற்றோருக்கும் 24 வாரத்தில் புண் ஆறிய அளவு ஒன்றே, 65 விழுக்காடு. ஆனால் ஓராண்டில் புண் மீண்டது முதற்குழுவில் 28 விழுக்காடு; அறுவையும் பெற்ற குழுவில் 12. அதே நாட்டில் 450 பேரைக்கொண்டு நடந்து 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், பழுதுற்ற சிரையை உள்ளிருந்து மூடும் மருத்துவத்தைக் காலந்தாழ்த்தாமல் செய்தபோது, புண் ஆறும் இடைநிலைக் காலம் 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. இவை பெரும் முன்னேற்றங்கள். நம் மருத்துவமனைகளில் புண்ணோடு வருவோரை உடனே சிரை வல்லுநரிடம் அனுப்பவேண்டும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அதேவேளை, இவ்விரு ஆய்விலும் எந்தக் குழுவும் அழுத்தத்தைக் கைவிடவில்லை. சிரையை மூடியோரும் கட்டு அணிந்தனர். புண் ஆறியபின் காலுறைக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஆகவே லேசர் முடிந்து வீடு திரும்பும் நோயரின் சீட்டிலும் காலுறை இருக்கும். அந்த வரியை எழுதும்போதே எத்தனை மில்லிமீட்டர், எந்த நீளம், எத்தனை நாள், எப்போது கழற்றுவது, எப்போது புதிது வாங்குவது என்னும் ஐந்தையும் தமிழில் அதன்கீழ் எழுதிக் கொடுத்து, வீடு செல்லுமுன் ஒருமுறை அவரே அணிவதைப் பார்த்துவிட வேண்டும்.